கேமராவுக்கு வைத்த பொட்டு

காருக்குள் கேமரா இருப்பதை எனக்குச் சொன்னது போனில் வந்த ஒரு பெண் குரல்தான். டயமண்ட் ஹார்பர் ரோட்டில் ஆம்தலாவைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பா, பின்னால் ஒன்பது வயது மகள். அடித்த போனை மகள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். வாடகைக் கார் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று அந்தப் பெண் இந்தியில் ஆரம்பித்தாள். வண்டிக்குள் இருக்கும் கேமராவை நாங்கள் எதையோ வைத்து மறைத்திருக்கிறோமாம். பத்து நிமிடத்தில் அதை எடுக்காவிட்டால், அங்கே உட்கார்ந்தபடியே வண்டியை நிறுத்திவிடுவார்களாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து அந்த வண்டிக்குள் நாங்கள் பேசாத பேச்சில்லை. என் மாமியாரையும் எங்கள் கிளை மேனேஜரையும் நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். கல்கத்தாவில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம் எங்களுக்கு எப்போதும் உண்டு. பஸ்ஸிலும் மீன் கடையிலும் நின்றுகொண்டு குடும்ப விஷயத்தை உரக்கப் பேசிப் பழகிய வாய்.

ஓர் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி நிறுத்தினேன். தேடிப் பார்த்தால், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகத்தில் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம்.

“நாந்தான் வச்சேன். சின்னதா ரவுண்டா இருந்துச்சு. பொட்டு வைக்க வாகான எடம்னு நெனச்சேன்” என்றார் அப்பா.

அந்தப் பொட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அப்பா திருநெல்வேலியில் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். தென்காசி ரூட்டில் அவர் வண்டி என்றால் அவித்த முட்டையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்பார்கள். ஒரு விபத்து கிடையாது. ஓய்வு பெற்றபின் பழைய கார் ஒன்று வாங்கி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றினார். மூன்று வருஷத்துக்கு முன் அதைத் திடீரென்று விற்றுவிட்டார். கேட்டதற்கு முட்டி வலி என்றார். அம்மா போன பிறகு நான் அவரைக் கல்கத்தாவுக்கு, பெஹாலாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வங்கி வேலையில் மாற்றலாகி வந்த எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. அவருக்கு இங்கே பேசக்கூட ஆள் இல்லை. பத்து மாதமாகப் பால்கனியில் உட்கார்ந்து, மெட்ரோ தூண்களுக்கு இடையே முட்டிமோதும் தனியார் பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் தகரத்தைப் பட்பட்டென்று அடித்தால் மட்டும் முகத்தில் ஒரு சுளிப்பு. மற்றபடி கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

அவரை ஒரு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்தால் என் அப்பா எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுவார் என்று நம்பினேன். அதற்காகத்தான் அந்தக் காரை வாடகைக்கு எடுத்தேன். டயமண்ட் ஹார்பர் போய் ஆற்றைப் பார்க்கலாம் என்பதெல்லாம் சும்மா ஒரு சாக்கு. துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு அன்று ஷிஃப்ட். நல்லதாகப் போயிற்று, அவர் இருந்தால் தானே ஓட்டுவேன் என்பார்.

முந்தின நாள் தாராதலாவிலிருந்து ஆட்டோவில் வரும்போதே ஆப்பில் புக் செய்தேன். விதிமுறைகள் என்று ஆங்கிலத்தில் ஒரு நீளமான பாராயணம் வந்தது. கட்டைவிரலால் சர்ரென்று கீழே தள்ளி, ஒப்புக்கொள்கிறேன் என்பதை அமுக்கிவிட்டேன். தினமும் கவுன்டரில் உட்கார்ந்து, பென்சிலில் பெருக்கல் குறி போட்டு, இங்கே, இங்கே, அப்புறம் இங்கே என்று அடுத்தவர்களிடம் கையெழுத்து வாங்கும் பிழைப்பு என்னுடையது. படித்துப் பார்க்கலாமா மேடம் என்று யாராவது கேட்டால் எனக்கு உள்ளுக்குள் சுர்ரென்று ஏறும்.

காலையில் ஒருவர் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து விட்டு, சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்து, என் முகத்தையும் எடுத்துக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பியதும் அப்பா சந்தனக் கிண்ணத்தோடு இறங்கி வந்தார். நாலு சக்கரத்துக்கும் வைக்க எலுமிச்சம்பழம் கேட்டார். வீட்டில் இருந்தது இந்த ஊர் கந்தராஜ் எலுமிச்சை. “என்னட்டி இது, கத்தரிக்கா மாதிரி நீளமா இருக்கு. இதுல எப்படி வண்டி ஏத்த?” என்றார். ஆனாலும் வைத்தார்.

“அப்பா, இது வாடகை வண்டி. நாளைக்குத் திருப்பிக் கொடுத்துரணும்.”

“யார் வண்டியா இருந்தா என்ன? ஏறி உக்காரப் போறது நாமதான?”

பானெட், ஸ்டியரிங், கண்ணாடி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துச் சூடம் காட்டினார். மாடியிலிருந்து எட்டிப்பார்த்த, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் வங்காளி மாமி, “காடி கின்லே?” என்றார். கார் வாங்கியாச்சா என்று கேட்கிறார். நான் ஆமாம், இல்லை இரண்டுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிவைத்தேன். அப்பாவின் முகத்தில் பத்து மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்திருக்கிறது. அதை ஒரு விளக்கம் சொல்லிக் கெடுப்பானேன்.

ஆம்தலா தாண்டும்வரை நான்தான் ஓட்டினேன். டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா ஒன்று முன்னால் குறுக்கே வந்தால் போதும், பக்கத்து சீட்டில் அப்பாவின் வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி அழுத்தும். “அப்பா, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்று நாலு தடவை சொல்லியிருப்பேன். ஐந்தாவது தடவை எரிச்சலே வந்துவிட்டது. அப்புறம்தான் அந்த போன் வந்தது.

சுடிதார் துப்பட்டாவில் தண்ணீர் தொட்டு நான் பொட்டைத் துடைத்துக்கொண்டிருக்க, மகள் என் போனில் விதிமுறைகளைத் தேடி எடுத்து உரக்கப் படித்தாள். அவளுக்குத் தமிழைவிட வங்காளமும், வங்காளத்தைவிட ஆங்கிலமும் சரளம். வண்டிக்குள் புகைபிடிக்கக் கூடாது. நாய், பூனை, பச்சை மீன் ஏற்றக் கூடாது. உள்ளே நடப்பது படமாகவும் ஒலியாகவும் பதிவாகும் என்பதற்கு நீங்கள் சம்மதிக்கிறீர்கள். நான் எப்போது சம்மதித்தேன் என்று கத்த வாயெடுத்தேன். ஆட்டோவும் என் கட்டைவிரலும் ஞாபகம் வந்தன.

“பதிவு செஞ்சவங்க மட்டும்தான் ஓட்டணுமாம் அம்மா. வேற யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. ஏஜ் லிமிட் சிக்ஸ்டி ஃபைவ்.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “தாத்தாவுக்கு செவன்டி ஒன் இல்ல?”

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அந்தத் திரும்பல் தாங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் அறுபது பேரின் உயிரை முதுகுக்குப் பின்னால் சுமந்த மனுஷன். அவருக்கு வயது வரம்பு சொல்ல இவர்கள் யார்? கேமராவைக் கண்ட கோபம், மாட்டிக்கொண்ட கோபம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. இறங்கி அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன்.

“அப்பா, நீங்க ஓட்டுங்க.”

“வேண்டாம்ட்டி. நீயே ஓட்டு.”

“ஏன்? அவன் எழுதி வச்சிருக்கான்னா பயப்படுதியளா? அவன் என்ன செஞ்சிருவான்னு பாப்போம். இறங்குங்க.”

“வேண்டாம்னு சொல்லுதேம்லா.”

“எனக்காக ஓட்டுங்கப்பா. ஒரே ஒரு தடவை.”

அவர் பெல்ட்டைக் கழற்றினார். அப்புறம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் பிளாஸ்டிக் உறைக்குள் அவருடைய லைசென்ஸ், சென்ற வருஷம் புதுப்பித்தது. இறங்கி, நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார்.

எவ்வளவு அழகாக ஓட்டினார். கியர் மாறுவதே தெரியவில்லை. குழியை அவர் பார்ப்பதற்கு முன்னால் கை பார்த்துவிட்டது போல ஒதுங்கிப் போயிற்று வண்டி. பாவூர்சத்திரத்தில் ஒரு மழைநாளில் பஸ்ஸில் பிரசவ வலி கண்ட பெண்ணைப் பற்றிச் சொன்னார். பத்து மாதத்தில் நான் கேட்ட மிக நீளமான பேச்சு அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறைக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேச்சு நின்றது. வேகமான ரோடு, கவனமாக ஓட்டுகிறார் என்று நினைத்தேன். அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பின்னால் திரும்பி, பெல்ட்டைப் போடுடி என்று மகளை அதட்டினேன். போட்டுத்தான் இருக்கேன் என்றாள். மறுபடியும் சத்தம். எதிரே வந்த லாரி காது கிழிய ஹாரன் அடித்தபடி எங்களை உரசிக்கொண்டு போனது. “இந்த ஊர்க்காரங்களுக்கு ஹாரன் இல்லாம ஓட்டவே தெரியாது” என்றேன். அப்பா ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டிருந்தார்.

மறுபடி போன். இந்தத் தடவை நானே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். அதே பெண். சண்டைக்குத் தயாராக இருந்தேன். யார் ஓட்டினால் உனக்கென்ன என்ற வாக்கியத்தை இந்தியில் அடுக்கிவைத்திருந்தேன். அவள் விதிமுறையைப் பற்றிப் பேசவே இல்லை. குரலும் முன்பு மாதிரி இல்லை.

“தீதி, வண்டியை உடனே ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. கத்தாம, மெதுவாச் சொல்லுங்க. உங்களுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன்.”

முதல் தடவை மேடம் என்றவள் இப்போது அக்கா என்கிறாள். “அப்பா, பாத்ரூம் போகணும், கொஞ்சம் நிறுத்துங்க” என்றேன். இண்டிகேட்டர் போட்டு, பின்னால் பார்த்து, ஒழுங்காக நிறுத்தினார்.

இறங்கி ஒரு டீக்கடைச் சுவரோரம் நின்று வீடியோவைத் திறந்தேன். எங்கள் வண்டியின் உள்பக்கம். நான் ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் மகள் சிப்ஸ் தின்கிறாள். அப்பாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கின்றன. கண்கள் மூடியிருக்கின்றன. இமைப்பது அல்ல, மூடியே இருக்கின்றன. தலை மெல்ல மார்பை நோக்கி இறங்குகிறது. கண்ணாடிக்கு வெளியே மரங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கீச் என்ற சத்தம் வருகிறது. நான் திரும்பி, மகளை அதட்டுகிறேன். பிறகு அந்த ஹாரன். அப்பா விதிர்த்துக் கண்ணைத் திறந்து ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். “இந்த ஊர்க்காரங்களுக்கு” என்று என் குரல் ஆரம்பிக்கிறது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சிப்ஸ் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்த என் பிள்ளையைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அப்பா இறங்கி வந்திருந்தார். போனை அவசரமாகத் துப்பட்டாவுக்குள் மறைத்தேன். அவர் கையை நீட்டினார்.

“காட்டு.”

“ஒண்ணுமில்லப்பா. ஆபீஸ் மெசேஜ்.”

“காட்டுட்டி.”

நின்றபடியே இரண்டு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை பார்க்கும்போது, ஹாரன் சத்தம் வரும் இடத்தில் அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“பாப்பா எங்க?”

“வண்டியிலதான் இருக்கா.”

“உங்க அம்மாவுக்குத் தெரியும்” என்றார். “ஆலங்குளத்துக்கிட்ட ஒரு தடவை இப்படித்தான் ஆச்சு. பக்கத்துல உக்காந்திருந்தவ ஸ்டியரிங்கப் பிடிச்சுத் திருப்பிட்டா. எனக்குக் கண்ணு மூடுததே தெரிய மாட்டேங்கு. அன்னைக்கே வித்துருங்கன்னா, வித்துட்டேன். பிள்ளைக்கிட்ட சொல்லாத, முட்டி வலின்னு சொல்லிக்கிடுவோம்னு நாந்தான் சொன்னேன்.”

“பின்ன ஏம்ப்பா ஏறுனிய?” என்றேன்.

“நீ எனக்காகன்னு சொன்னேல்லா.”

அவர் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னது அந்தக் கேமராவில் பதிவாகியிருக்கும். கேட்கக் காது இருந்தும் நான்தான் கேட்கவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து என் கையில் வைத்தார். “இத நீ வச்சுக்கோ. திருப்பிக் கேட்டாலும் கொடுக்காத.” பிறகு போய் முன் சீட்டில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

ஆறு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று மகள் சிணுங்கினாள். அப்புறம் பார்க்கலாம் என்று வண்டியைத் திருப்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் சந்தனம் இன்னும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. ஆம்தலா சந்தையில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. பக்கத்தில் அப்பாவின் வலது கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. நான் பிரேக் போட்டேன். பெஹாலா வந்து சேரும்வரை அவர் கால் அழுத்திய இடத்திலெல்லாம், தேவை இருந்ததோ இல்லையோ, நானும் பிரேக் போட்டுக்கொண்டே வந்தேன்.