வாடகை அறைக்கு ஏற்ற பிராணி

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டாருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவர்களைப் பிடிக்காது. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஏதோ ஒரு கட்டத்தில் நாங்கள் மனம்விட்டுக் கதைத்து ராசியானோம் என்று வாசிப்பவர்கள் எதிர்பார்ப்பார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தவர், அரசாங்கக் கந்தோரில் தலைமைக் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியும் மட்டும்தான். ஒரே மகன் கனடாவில். அவன் இருவரையும் நிரந்தரமாக அங்கே எடுப்பதற்கு ஸ்பொன்சர் செய்திருந்தான். இன்டர்வியூவுக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்ற நிலை. அந்த வீட்டில் நடந்ததும் நடக்காததும் இன்டர்வியூவால்தான். கனடா போகப் போகிறோமே என்று சுவருக்குப் பெயின்ற் அடிக்கவில்லை. கூரை ஒழுகினால் வாளி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்காரர் கனடாவுக்காகத் தேங்காய் உடைத்தார். பல்லி சொன்னால், கதையை நிறுத்திவிட்டு எழுந்துபோய் எந்தத் திசையில் சொன்னது என்று பார்த்தார்.

நான் கொட்டாஞ்சேனை, கிறிஸ்தவக் குடும்பம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை கிடைத்து, கணக்கியல் பரீட்சைக்குப் படிக்கவென்று இந்த வீட்டின் பக்கத்து அறையை எடுத்தேன். தனி வாசல், ஒரு மேசை, ஒரு ஜன்னல். மடியில் புத்தகம் விரித்துப் படித்தவனுக்கு மேசை என்பது சின்ன விஷயமல்ல. அதனால்தான் அவர்களைப் பொறுத்துக்கொண்டேன்.

அறைக் கதவின் திறப்பைக் கையில் தரும்போது வீட்டுக்காரர் சட்டம் சொன்னார்.

"மீன் இறைச்சி காய்ச்சப்படாது. ரேடியோவைப் பெரிசாப் போடப்படாது. உங்கட ஆக்கள் கூட்டமா வரப்படாது."

"எங்கட ஆக்கள் என்டா யாரு அங்கிள்?"

"கொட்டாஞ்சேனை ஆக்கள். பிழையா நினையாதையும் தம்பி. சத்தமாக் கதைக்கிற சனம், அதுதான்."

நான் பிழையாகத்தான் நினைத்தேன்.

அந்த அறையின் அமைதி எனக்குப் பழக்கமில்லாதது. பிறந்ததிலிருந்து யாராவது ஒருவரின் முழங்கை இடிக்காமல் நான் இருந்ததில்லை. இங்கே வேலைவிட்டு வந்தால் கதவைத் திறக்கும் சத்தத்தை நானே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஒரு சோடி லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நாய், பூனை, குருவி ஒண்டும் வேண்டாம். சத்தம் போடுற ஒரு சாமானும் உள்ளுக்கை வரப்படாது."

"சத்தம் போடாட்டி?"

"சத்தம் போடாட்டி எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டுச் செய்தி கேட்கப் போய்விட்டார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். பொது நூலகத்திற்குப் போய் வீட்டுப் பிராணிகள் பற்றிய ஆங்கில நூல் ஒன்றை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பரீட்சைப் பாடத்தைக்கூட அப்படிப் படித்ததில்லை. சிறிய இடத்தில் இருப்பவர்களுக்கு ஊர்வன நல்லவை என்றது நூல். குரைக்காது, கத்தாது, ரோமம் கொட்டாது. ஆனால் வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டும்: எவ்வளவு பெரிதாக வளரும், என்ன தின்னும், கையில் எடுத்தால் பொறுத்துக்கொள்ளுமா. எல்லாவற்றிலும் முதலிடம் ஏதோ பாலைவனத்துப் புள்ளிப் பல்லிக்கு. அடுத்தது சோளக் காட்டில் வாழும் ஒரு சாதுப் பாம்பு. இரண்டையும் கொழும்பில் யாரும் கண்டதில்லை.

கண்டதற்குள் தேட வேண்டியிருந்தது. பாம்பு சாதுவா இல்லையா என்று விசாரிக்கும் பொறுமை எங்கள் ஒழுங்கைக்கு இல்லை. முதலில் பொல்லு வரும், பிறகுதான் விசாரணை. மதிலில் இருந்த ஓணான் ஒன்றை ஒருநாள் பிடித்தேன். தொண்டையை வீங்கவைத்து என்னைப் பார்த்த பார்வை வீட்டுக்காரரின் பார்வையேதான். விட்டுவிட்டேன். கையில் எடுப்பதை வெறுக்கும் பிராணி கூட்டுக்குள் நோய்ப்பட்டுச் சாகும் என்று நூலில் இருந்தது. அரணை நக்கினால் மரணம் என்பார்கள். அதை நான் நம்பவில்லை. ஆனால் இறுக்கிப் பிடித்தால் அது வாலை நம் கையில் தந்துவிட்டுப் போய்விடும். பல்லியோ சத்தம் போடும். அதோடு, அது ஏற்கெனவே அந்த வீட்டில் உத்தியோகத்தில் இருந்தது.

மிஞ்சியது ஆமை.

மருதானையில் மீன்தொட்டி விற்கும் கடையொன்றில், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட சின்ன நீராமைகள் ஒரு பேசினுக்குள் கிடந்தன. கடைக்காரர் சிங்களவர், தமிழும் பேசுவார்; தம்பி என்பதற்கு மட்டும் மல்லி என்பார்.

"எடு மல்லி. இது பெரிசு ஆகாது. எப்பவும் இப்பிடியேதான்."

"சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும் என்டு புத்தகத்துல இருக்கு."

"அப்ப புத்தகத்தையே வளர்த்துக்கோ மல்லி."

அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் நூலில் படித்தபடியே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கண் தெளிவாக இருக்க வேண்டும், ஓடு இறுக்கமாக இருக்க வேண்டும், காலை இழுத்தால் திருப்பி இழுக்க வேண்டும். ஒன்று ஓட்டுக்குள் போய், கொஞ்சம் பொறுத்துத் தலையை நீட்டி என்னைப் பார்த்தது. கடிக்கவில்லை. அந்தக் கடையில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே சீவன் அதுதான். அதை எடுத்தேன். வளர்ந்தால் பெரிய தொட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று சின்னக் கண்ணாடித் தொட்டியொன்றும், அது ஏறிக் காய்வதற்கு ஒரு தட்டைக் கல்லும் எடுத்தேன்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது எனக்குத் தெரியாதா? என் அம்மாவே சொல்வாள். படித்தவன் என்பதால் பொருட்படுத்தவில்லை என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் அந்த வீடு உருப்பட வேண்டுமென்று எனக்கு ஆசையும் இருக்கவில்லை.

சத்தத்தை மட்டும் யோசித்தேனே தவிர மணத்தை யோசிக்கவில்லை. குட்டி ஆமைக்குக் கூனி, அதுதான் காய்ந்த பொடி இறால், போட்டு வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்காரரின் மனைவி மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கதவில் தட்டினார்.

"தம்பி, திறவும். என்ன காய்ச்சிறீர்?"

"ஒன்டும் காய்ச்சல்ல அன்ரி."

தொட்டியைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். அதற்குள் வீட்டுக்காரர் கோயிலிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு வந்து சேர்ந்தார்.

"உது என்ன?"

"ஆமை அங்கிள்."

"ஆமை எண்டு எனக்குத் தெரியும்! என்ர வளவுக்கை என்ன செய்யுது?"

"சத்தம் போடாட்டி எனக்கென்ன என்டு நீங்கதான் சொன்னீங்க."

"நான் ஆமையையே சொன்னனான்? இன்டர்வியூக் கடிதம் வந்து மேசையிலை கிடக்கு. வாற மாசம் போகவேணும். இந்த நேரம் பாத்து ஆமையைக் கொண்டுவந்து உள்ளுக்கை விட்டிருக்கிறான்!" மனைவியின் பக்கம் திரும்பினார். "வேதக்காரப் பெடியனுக்கு ரூம் குடுக்க வேண்டாம் எண்டு நான் சொன்னனான். உவையளுக்கு இதெல்லாம் விளங்குமே?"

"எங்களுக்கும் விளங்கும் அங்கிள். எங்க அம்மாவும் வீட்டுக்குள்ள ஆமை எடுக்க மாட்டா."

"அப்ப தெரிஞ்சுகொண்டுதான் செய்தனீர்!"

பொழுது படுமுன் ஒன்று ஆமை போக வேண்டும், இல்லாவிட்டால் நான் போக வேண்டும் என்றார். அப்போதுதான் மனைவி மூக்கிலிருந்து தலைப்பை எடுத்தார்.

"இருக்கட்டும்."

"என்ன?"

"வந்தது வந்திட்டுது. பூந்த ஆமையைத் துரத்தினா இன்னும் பொல்லாப்பு. இன்டர்வியூ முடியுமட்டும் அசைக்கப்படாது."

"ஆர் சொன்னது?"

"என்ர அம்மா சொன்னவ."

பல்லி சொல்லுக்கு எழுந்து நிற்கும் மனிதரால் மாமியாரின் சொல்லை எப்படித் தட்ட முடியும்? என் வாசலில் மஞ்சள் தண்ணீரை வாளியோடு ஊற்றிவிட்டுப் போனார். செருப்பெல்லாம் நனைந்தது.

மறுநாள் அவர் இல்லாத நேரம் பார்த்து அன்ரி ஒரு கட்டு கங்குங் கீரையோடு வந்தார்.

"உமக்காக எண்டு நினையாதையும். இதைத் தின்னுமோ?"

"தின்னும் அன்ரி. ஆனா ஏன்?"

"கூனியைக் குறையும், மணக்குது." கீரையை மேசையில், என் கணக்குப் புத்தகத்தின் மேலேயே வைத்தார். "எனக்குக் கனடா வேண்டாம். என்ர அக்கா போனவ. நிலத்துக்குக் கீழ ஒரு அறை. காலமை மருமகள் பிள்ளையைக் கையிலை தந்திட்டுப் போனா, இருண்டாப் பிறகுதான் வாறாளாம். மேல குசினிக்குச் சமைக்கப் போறதெண்டாலும் கேட்டுப் போகவேணுமாம். எனக்கு என்ர குசினி இஞ்ச கிடக்கு."

"அங்கிள்ட்ட சொல்லுங்களேன்."

"இந்த வீட்டிலை நான் எதுக்கு மாட்டன் எண்டு சொன்னனான், இதுக்குச் சொல்ல? மகனிட்டச் சொன்னா, அம்மாவுக்கு என்னிலை பட்சம் இல்லை எண்டுவான்." தொட்டியைக் குனிந்து பார்த்தார், மருந்துப் போத்தலைப் பார்ப்பதுபோல. "உது வேலை செய்யுமோ?"

"நான் இதெல்லாம் நம்பல்ல அன்ரி."

"உம்மட நம்பிக்கையை ஆர் கேட்டது?"

அதன்பிறகு கீரை ஒழுங்காக வந்தது. கதவைத் தட்டி, கையில் தந்துவிட்டுப் போவார். நன்றி சொன்னால் முகத்தைச் சுளிப்பார். இன்டர்வியூ நெருங்கியபோது அவருக்குப் புதிய சந்தேகம் ஒன்று வந்தது.

"தம்பி, உது உம்மட அறையிலை கிடக்கிறது வீட்டுக்கை பூந்த கணக்கிலை வருமோ? இதுக்கு வேற வாசலெல்லோ."

"புத்தகத்துல அதைப் பத்தி இல்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "எப்பிடித் தூக்கிறது? கடிக்குமோ?" என்றார்.

பிடித்துக் காட்டினேன். பின்பக்கமாக, இரண்டு கையாலும், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஓட்டின் விளிம்பில் பிடிக்க வேண்டும். உயரத் தூக்கக் கூடாது. பயந்தால் கால்களை உதைக்கும், விட்டுவிடக் கூடாது. அன்ரி கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். ஆமை உள்ளே போனது, பிறகு தலையை நீட்டியது. அவர் கையை எடுக்கவில்லை. என் தேர்வு சரிதான் என்று அந்த நிமிடம் பெருமைப்பட்டேன்.

வீட்டுக்காரர் வெளியே போயிருந்த நேரம்; அன்ரி ஆமையை ஏந்திக்கொண்டு முன்வாசலால் முன்கூடத்துக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

"நீர் அங்க நில்லும்" என்றார்.

ஆமையை உள்ளே விட்டவர் என்னைப் படியில் நிறுத்தினார். அங்கிருந்தே பார்த்தேன். மகனின் கலியாணப் படத்துக்குக் கீழே, சிவப்புச் சீமெந்துத் தரையில், ஆமை கொஞ்சத் தூரம் நடந்தது. கதிரைக் காலில் முட்டி நின்றது. அன்ரி கையைக் கட்டிக்கொண்டு, வேலைக்காரனை மேற்பார்வை செய்வதுபோல நின்றார். "சாமி அறைக்கை மட்டும் போகாதை" என்று அதற்குச் சொன்னார்.

திருப்பித் தந்தபோது, "கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்க அன்ரி" என்றேன்.

"சுத்தம் எனக்கு நீர் படிப்பிக்க வேண்டாம்."

இன்டர்வியூவுக்குப் போன அன்று அன்ரி நல்ல சேலை கட்டியிருந்தார். ஆட்டோவில் ஏறுமுன் என் ஜன்னலை ஒருமுறை பார்த்தார். திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு இறங்கினார். அன்ரி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நேரே குசினிக்குப் போனார். பிறகு மெடிக்கல், பிறகு பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கடிதம். விசா குத்தியாயிற்று.

வீட்டுக்காரர் கற்கண்டுத் தட்டோடு என் வாசலுக்கு வந்தார். அதற்கு முன் அவர் எனக்கு ஒரு வாய் தண்ணீர் தந்ததில்லை.

"எடும் தம்பி, எடும். எங்க ஆமை? ராசியான ஆமை ஐசே! பூந்த வீடு உருப்படாதெண்டு விசர்ச் சனம் கதைக்கிறது." ஒரு விரலால் ஓட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். "நீர் மாசக் கடைசிக்கை வேற இடம் பாரும், என்ன? வீட்டை விக்கப் போறம்."

எனக்குப் பரீட்சைக்கு இன்னும் நாளிருந்தது. மேசையைத் திரும்பிப் பார்த்தேன். கற்கண்டு வாயில் கரையவில்லை.

அவர் போன பிறகும் அன்ரி படியில் நின்றார். தொட்டியைப் பார்த்தார்.

"கண்டறியாத ஆமை" என்றார். "ஒரு அலுவலுக்கும் உதவாத சாமான்."

"அன்ரி, இன்னும் போகல்லதானே. மாட்டேன் என்டு ஒருக்காச் சொல்லிப் பாருங்க. வாயால."

அவர் முகம் சிவந்தது. "ஆமை வளர்க்கிற பெடியன் எனக்குப் புத்தி சொல்ல வந்திட்டான்! நீர் உம்மட சாமானைக் கட்டும்."

அதோடு கீரை நின்றது. நான் சந்தையில் வாங்கினேன். கிருலப்பனையில் ஒரு அறை பார்த்தேன். அங்கே ஆமையைப் பற்றிக் கேள்வி எழாதபடி, அதைப் பற்றிச் சொல்லாமலே பேசி முடித்துவிட்டு வந்தேன். வந்தபோது வீடு முழுக்கப் புகை. அன்ரி கனடாவுக்குக் கொண்டுபோக மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். மருமகள் இவ்வளவு தூள் வேண்டுமென்று ஃபோனில் சொல்லியிருந்தாளாம். குசினிக் கதவும் ஜன்னலும் என் அறைப் பக்கம் திறந்தே கிடந்தன. கண்ணெல்லாம் எரிந்தது. தொட்டியை ஈரத் துவாயால் மூடிவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"அன்ரி, அந்தக் கதவைச் சாத்துங்களேன். இருமல் வருது."

அவர் அகப்பையை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது.

"இருமும்" என்றார்.