மூன்றுக்கு ஏறி ஐந்தே முக்காலுக்கு இறங்கியவள்

யம்னா ஊறவைத்த கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் நீக்கிக்கொண்டிருந்தாள். நோன்பு திறக்கும் சூப்பில் தோலோடு கடலை போடுகிறவளை அவள் மனுஷியாகவே சேர்ப்பதில்லை. மாடி வீட்டுக்காரியான நானும் எதிரே உட்கார்ந்து பிதுக்கினேன். நான் போட்டதை அவள் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஐம்பத்தெட்டு வயதில் ஃபெஸ் நகரை விட்டு அவள் போன அதிகபட்ச தூரம் உஜ்தாவில் ஒரு கல்யாணம். பஸ்ஸில் ஐந்து மணி நேரம், வழியெல்லாம் வாந்தி. அதனால் மகள் ஹஜருக்கு உஜ்தாவிலிருந்து வந்த நல்ல வரனை, "பெத்த பிள்ளைய அவ்வளவு தூரத்துலயா குடுப்பேன்?" என்று திருப்பி அனுப்பினாள். மாண்ட்ரியல் மாப்பிள்ளைக்குச் சரி சொன்னதும் அதே கணக்கில்தான். பெண் பார்த்துவிட்டுத் திரும்புகிறவனின் டிக்கெட்டைப் புருஷன் பூஷ்தா படித்துக் காட்டினார்: காசாபிளாங்காவில் மூன்று மணிக்கு ஏற்றம், ஐந்தே முக்காலுக்கு இறக்கம். உஜ்தா தூரத்தில் பாதிதான் என்று தெருவெல்லாம் சொல்லி வந்தாள்.

கல்யாணம் முடிந்து, நேற்று ஹஜர் நோன்போடு அதே மூன்று மணி விமானம் ஏறினாள். சாயங்காலம் நாங்கள் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும்போது பூஷ்தா தன் போனைப் பார்த்து, "நல்லபடியா இறங்கிட்டா" என்றார். யம்னா அழுதுவிட்டு இரண்டு கிண்ணம் சூப்பு குடித்தாள்.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் போன் அடித்தது. பூஷ்தா அதை அவளிடம் நீட்டினார்.

"அம்மா, இப்பதான் எந்திரிச்சேன்."

"மூணு மணி வரைக்குமா தூங்குவ? உன் மாமியா என்ன நினைப்பா?"

"இங்க காலை பத்தும்மா."

யம்னா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "நம்ம அரசாங்கம் நோன்பு மாசத்துக்கு ஒரு மணி பின்னாடி தள்ளும். உங்க ஊர்ல அஞ்சு மணியா தள்ளுவான்?"

ஹஜர் சிரித்தாள். "யாரும் தள்ளலம்மா. ஊர் அவ்வளவு தூரம். ஏழே முக்கால் மணி நேரம் பறந்தோம். சூரியன் கூடவே வந்துச்சு, மறையவே இல்ல. இறங்கினப்புறம்தான் தண்ணி குடிச்சேன். பதினேழு மணி நேர நோன்பு. பயணத்துல விடலாம்தான், எனக்குத்தான் மனசு வரல. ஏம்மா, அப்பாகிட்ட ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னேனே தூரத்தை. அவர் சொல்லலையா?"

யம்னாவின் கையில் தோலெடுத்த கடலை ஒன்று இருந்தது. விரல்கள் அதையும் பிதுக்கின. இரண்டாகப் பிளந்தது.

"அப்புறம் பேசுறேன்" என்று போனைத் தரையில் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணுன்னா மக மத்தியானம் ஏறி நோன்பு திறக்க வந்துருவான்னு நெனச்சேன்" என்று என்னிடம் சொன்னாள், யாரோ ஒருத்தியின் முட்டாள்தனத்தைச் சொல்வதுபோல. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "ஏ மனுஷா, நேத்து நாம வாயில பழம் வச்சப்ப என் பிள்ளை எங்க இருந்தா? கடலுக்கு மேலயா?"

பள்ளிவாசலில் அடுத்த தொழுகைக்கு இன்னும் அரைமணி இருந்தது. பூஷ்தா தொப்பியைத் தலையில் வைத்து, செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு அறையை விட்டுப் போனார்.