ஆடி மாசம் போட்ட குளியல் கல்

ராஜபாளையத்துல நான் மில்லுக்குப் போய்ட்டிருந்த எண்பதுகள்ல, காலை ஷிப்ட் முடிஞ்சு வீடு வந்து சேர சாயங்காலம் நாலு மணி ஆயிரும். நூல் சுத்துற ரீலிங் செக்‌ஷன்ல வேலை. தலைமுடி, புருவம், கழுத்து மடிப்பு எல்லா இடத்துலயும் பஞ்சு. வேர்வையில அது ஒட்டிக்கிட்டு அரிக்கிற அரிப்பு இருக்கே, வேலை பாத்தவளுக்குத்தான் தெரியும். ஆனா எங்க வீட்டுப் பொம்பளைக குளிக்கிறது கொல்லையில, நெஞ்சு உயரத்துக்கு நிக்கிற ஓலைத் தட்டிக்குப் பின்னால. பின்தெருவுல ஒருத்தர் மாடி எடுத்துக் கட்டின நாள்லருந்து, விடியுமுன்ன இல்லன்னா இருட்டின பொறவுதான் குளியல். நாலு மணிக்கு வந்தவ ஏழு மணி வரைக்கும் சொறிஞ்சுக்கிட்டே சமைக்கணும். ஏன், எனக்கு என்ன தலையெழுத்தா?

எங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்து உண்டு. பாகப்பிரிவினையில எங்க பங்குக்கு வந்தது. ரெண்டரை அடி அகலம், அதுக்கு மேல ரெண்டு விரக்கடை, அதான் ரெண்டு விரல் அகலம், கூட இருக்கும். "இதுல ஒரு குளியலறை கட்டப்போறேன், பகல்லயே குளிக்கப்போறேன்"னு சொன்னேன். அம்புட்டுதான் சொன்னேன். ஏதோ ஊரை விட்டு ஓடப்போறேன்னு சொன்ன மாதிரி எல்லாரும் பாத்தாவ.

"நாங்கள்லாம் குளிக்காமயா போயிட்டோம்?"னு அந்த அண்ணனோட சம்சாரம் கேட்டாவ. அவியள நான் அக்கான்னும், அண்ணனை அத்தான்னும்தான் கூப்பிடுவேன். அத்தான் என்னைப் பாத்துப் பேசல, தம்பியப் பாத்துத்தான் பேசினாரு. "அந்தப் பக்கச் சுவரு என் சுவரு. அதுல ஒரு சொட்டு ஈரம் தெரிஞ்சுது, அன்னைக்கே இடிச்சுருவேன்." எங்க வீட்டுக்காரரு தலைய ஆட்டினாரு. அண்ணன் முன்னால அவருக்கு ஆட்டத்தான் தெரியும்.

சரி, சொட்டு ஈரம் கூடாதுல்ல? எங்க ஊரு கரிசல் மண்ணு. சிமெண்டுத் தரை ஒரு கோடையில வெடிச்சுரும். அதனால ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி, நான் பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். மடவார் வளாகத்துக்குப் பக்கத்துல அம்மி, ஆட்டுக்கல் அடிக்கிற ஒருத்தர்கிட்ட, மூணு அடி நீளம், ரெண்டரை அடி அகலத்துல ஒரே கல்லு கேட்டேன். தாம்பாளம் மாதிரி நாலு பக்கமும் விளிம்பு, நடுவுல பள்ளம், மூலையில தண்ணி போக ஓட்டை. "இதுல என்ன அரைக்கப் போற தாயி?"ன்னு கேட்டாரு. "குளிக்கப் போறேன்"னேன். மனுசன் சிரிக்காம உளிய எடுத்தாரு பாருங்க, அதுக்கே அவருக்குக் கும்பிடு போடலாம்.

தப்பு எங்கிட்டதான். கல்லு அடிச்சு முடியல, அதுக்குள்ள ஆடி பிறக்க நாலு நாள்தான் இருந்தது. ஆடியில வீட்டு வேலை கூடாதுன்னு நிறுத்திருவாவளேன்னு பயந்து, கல்லு வருமுன்னயே கொத்தனாரை விரட்டி ரெண்டு பக்கச் சுவரையும் பூச வச்சேன். ஆனி கடைசி நாள் பூச்சு முடிஞ்சது. ஆடி ரெண்டாம் தேதி மாட்டு வண்டியில கல்லு வந்து இறங்குது.

கல்லைக் குத்துக்க நிமித்தி உள்ள நகத்தியாச்சு. படுக்கத்தான் மாட்டேங்குது! மேல ரெண்டு விரக்கடை இருந்ததே, அதைப் பூச்சு தின்னுட்டது. சாய்க்கச் சாய்க்க ரெண்டு சுவருக்கும் நடுவுல இறுகி நிக்குது. கொத்தனாரு வேர்வையத் துடைச்சுக்கிட்டு, "ரெண்டாப் பிளந்து போட்ருவோம் தாயி"ன்னாரு. பிளந்தா நடுவுல இணைப்பு வரும். இணைப்பு வந்தா இன்னைக்கு இல்லாட்டி நாளைக்குத் தண்ணி கசியும். கசிஞ்சா இடிப்பு. "கல்லு வேண்டாம், சுவத்தக் கொத்துங்க"ன்னேன். "அப்ப ஆவணி வரட்டும். ஆடியில நான் சுவத்துல உளி வைக்க மாட்டேன்"னுட்டாரு.

வாசல்ல நின்ன அத்தானுக்கு முகத்துல அப்படி ஒரு நிம்மதி. "ஆண்டவனே வேண்டாம்னு சொல்லுதான், விட்டுரு"ன்னாரு. ஒரு மாசம் விட்டா இவரு சந்தை மறிச்சு விறகு அடுக்கிருவாரு. எனக்குத் தெரியாதா?

வந்துது பாருங்க கோவம்! "ஆடியில ஆரம்பிக்கத்தான் கூடாது, அத்தான். முடிக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? உங்க சுவத்தத் தொட மாட்டேன். என் சுவத்துல நான் கொத்துறேன்." கொத்தனாரு பையிலருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கிட்டு சந்துக்குள்ள போய் உக்காந்துட்டேன். ஈரம் காயாத பூச்சு பொலபொலன்னு வந்தது. அடியில செங்கலும் ஒரு விரக்கடை ஆழத்துக்கு வரணும். அது லேசுல வரல. கட்டைவிரல்ல ரெண்டு அடி வாங்கினேன். செத்த நேரம் கழிச்சுத் திரும்பிப் பாக்கேன், எங்க வீட்டுக்காரரு கூடையோட குத்தவச்சு செங்கல் துண்டைப் பொறுக்கிட்டிருக்காரு. அண்ணன் பாத்துக்கிட்டிருக்காருன்னு தெரிஞ்சும் பொறுக்கினாரு. அன்னைக்குத்தான் அவரைக் கட்டினதுக்குச் சந்தோசப்பட்டேன்.

மறுநாள் வாரவிடுமுறை. எங்க செக்‌ஷன் பொம்பளைக ஆறு பேர் வந்துட்டாளுக. தெருவுல ஒரு ஆம்பளையும் கை கொடுக்க வரல, அத்தான் வாய்க்குப் பயம். "ஏட்டி, தினமும் நூல் கட்டு தூக்குறோம், இது எம்புட்டு?"ன்னு சேலைய இழுத்துச் சொருகினாளுக. உள்ள கடைசியில தண்ணி அண்டா வைக்க விட்ட இடத்துல ரெண்டு பேர், வாசப்பக்கம் நாலு பேர், கல்லுக்கு அடியில ரெண்டு வடக்கயிறு. "இனி நடக்கிறது முடிக்கிற வேலைதான்"னு கொத்தனாரும் மனசு மாறி, அடியில கலவை போட்டுக் கொடுத்தாரு. கல்லு சாஞ்சுது. நான் கொத்தின இடத்துக்குள்ள விளிம்பு நுழைஞ்சு, நரநரன்னு உரசி, தொப்புன்னு படுத்தது. ஆறு பேரும் போட்ட சத்தத்துல பின்தெரு மாடியில தலை தெரிஞ்சது.

சுத்திவர சிமெண்டு அடைச்சு, மேல தகரம் போட்டு, முன்னால கதவும் மாட்டி, நாலு நாள் காய விட்டேன். அஞ்சாம் நாள் சாயங்காலம் நாலு மணி, பகல் வெளிச்சம், உடம்பெல்லாம் பஞ்சு. கதவைத் தாப்பாப் போட்டுக்கிட்டு ஊத்தினேன், ஊத்தினேன், அப்படி ஊத்தினேன். அழுகை வந்தது, அழுதேன். யாரும் பாக்காம அழவும் அந்த வீட்டுல அதுக்கு முன்ன இடம் கிடையாது.

ஈரத்தலையோட வெளிய வந்தா, அத்தான் அவரு வீட்டுக்குள்ள நின்னு உள்ளங்கைய சுவத்துல வச்சுப் பாத்துக்கிட்டிருக்காரு. ஜன்னல் வழியாக் கேட்டேன், "ஈரம் இருக்கா அத்தான்?"

"இன்னைக்கு இல்ல. நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கும் குளிப்பேன். பாருங்க."

அப்பத்தான் அவருக்குப் பின்னால இருந்து அக்கா வந்தாவ. தோள்ல மாத்துச் சேலை, கையில சோப்பு டப்பா. "எங்க போற?"ன்னாரு அத்தான்.

"குளிக்க"ன்னாவ.

என்னையும் தாண்டி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாவ. பதினாலு வருசம் அந்த வீட்டுல இருட்டுலயே குளிச்சவிய. அண்டா காலியாகுற வரைக்கும் தண்ணிச் சத்தம் நிக்கல. அத்தான் சுவத்துலருந்து கைய எடுத்துட்டாரு.