ஏழாம் திருவிழா யாருடையது

எங்கள் கோயிலின் இணையப் பக்கத்தில் திருவிழா விபரம் வருஷா வருஷம் ஒரு படமாகத்தான் ஏறும். யாரோ பேப்பரில் எழுதி, ஃபோனில் சரிவாகப் பிடித்த படம். எந்த நாள் யாருடைய உபயம், என்ன பிரசாதம் என்று பார்க்கக் கண்ணாடியும் பொறுமையும் வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. "நான் டேபிளாச் செய்து தாறன்" என்று கோயில் செயலாளர் அங்கிளிடம் சொன்னேன். சிட்னியில், பென்டில் ஹில்லிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில், இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல் பழகத் தொடங்கியிருந்த நேரம் அது.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. டேபிள் என்று திறந்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு டீஆர், அதற்குள் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டீடி. தலைப்புப் பெட்டிகளுக்கு மட்டும் டீஎச். திறந்ததை மறக்காமல் மூட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் முதல் தரம் பிழைவிட்டேன். மூன்றாம் திருவிழாக்காரர், அதாவது மூன்றாம் நாள் உபயகாரர், தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார். பெயர்தானே இல்லை என்று அந்தப் பெட்டியையே எழுதாமல் விட்டேன். பக்கத்துப் பெட்டி நகர்ந்து வந்து அந்த இடத்தில் குந்திக்கொண்டது. மூன்றாம் திருவிழா, உபயகாரர்: சர்க்கரைப் பொங்கல். ரயிலில் தனியே சிரித்தேன். பெயர் இல்லாவிட்டாலும் வெறும் பெட்டி ஒன்று இருக்க வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது.

ஏழாம் திருவிழா எங்களுடையது. எங்களுடையது என்றால், என்னுடையது. என் கணவர் எங்களை விட்டுப் போய் மெல்பேர்னில் வேறு குடும்பமாகிவிட்டார். அதன்பிறகும் நான் உழைத்து, நான் லீவு எடுத்து, நான் மாலைக்குச் சொல்லி நடத்திய உபயம் அவர் பெயரில்தான் போனது. அந்த வயிற்றெரிச்சல் லேசில் அடங்காது. இந்த முறை எழுதுவது நான். என் பெயரைப் போட்டேன்.

பக்கம் ஏறிய அன்று பின்னேரமே அங்கிள் ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, ஆம்பிளையின்ர பேரிலதானே போடுறது. கோயிலுக்கெண்டு ஒரு முறை இருக்கெல்லோ."

"அந்த ஆம்பிளை எங்கை அங்கிள்?"

"சரி, அவரின்ர பேரும் வேண்டாம். அந்தப் பெட்டியை வெறுமையா விடுங்கோவன்."

"வெறும் பெட்டி, பேர் வேண்டாம் எண்டு கேட்ட ஆக்களுக்கு. எனக்குப் பேர் வேணும்."

"கமிட்டியிலை கதைப்பினம்."

"கதைக்கட்டும். அவரின்ர பேர்தான் வேணுமெண்டால், உபயத்தையும் அவரிட்டையே கேட்டு வாங்கச் சொல்லுங்கோ."

அங்கிள் ஃபோனை வைத்துவிட்டார். பெட்டியை நான் தொடவில்லை.

ஏழாம் திருவிழா அன்று நான் முன்வரிசையில் நின்றேன். அங்கிள் தூணோடு சாய்ந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கல்பம் சொல்ல ஐயர் தன் ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். விரலால் கீழே இறக்கினார். மைக்கில் என் பெயரை வாசித்தார். பிறகு நிமிர்ந்து, வேறு யாரையும் தேடாமல், என்னைப் பார்த்து, "நட்சத்திரம்?" என்றார்.

"கேட்டை" என்றேன், மைக்கில் விழும்படி.