பூட்டில்லாத முப்பத்தொரு பாட்டுகள்

மதலைமுத்து அண்ணாச்சியைச் சபை நடுவில் தலைகுனிய வைக்க பிலோமினாவுக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் பிடித்தது. அவள் அவசரப்படவில்லை. எலும்பு முறிவு வார்டில் இருபத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்தவள். காலில் எடை கட்டித் தொங்கவிட்ட மனிதர்கள் மாசக்கணக்கில் அசையாமல் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, காத்திருப்பது அவளுக்குக் கைவந்த வேலையாகிவிட்டது.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். எழுபத்தொன்பதில் டில்லி வந்தாள். கிட்வாய் நகரில் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "தம்பிமாரு படிப்பு முடியுததுக்குள்ள நேரம் போயிட்டு" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் நீட்ட முடியாது.

அவள் பாட்டு எழுதுவாள். பஸ்ஸில் நின்றுகொண்டே மனசுக்குள் கட்டி, வார்டுக்கு வந்ததும் காய்ச்சல் சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதிவைப்பாள். மாதத்தில் இரண்டாம் ஞாயிறு மாதா கோயிலில் தமிழ்ப் பூசை உண்டு. அதற்கு வரும் நாற்பது, ஐம்பது குடும்பங்களும் அவள் பாட்டைத்தான் பாடின. மெட்டும் அவளுடையதுதான். பாடற்குழுவை நடத்தியவர் மதலைமுத்து. ஆர்.கே.புரத்தில் இருந்தார், ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர், நன்றாக ஆர்மோனியம் வாசிப்பார். அவரும் தூத்துக்குடிதான் என்பதால் பிலோமினாவுக்கு அவர் அண்ணாச்சி. ஒவ்வொரு ஒத்திகையையும் அவள் தன் டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்தாள். பதினேழு வருஷத்தில் முப்பத்தொரு பாட்டு, பத்தொன்பது கேசட்.

இரண்டாயிரத்து மூன்றில் அண்ணாச்சி வீட்டுக்கே வந்து கேசட்டுகளைக் கேட்டார்.

"பூஞ்சை பிடிச்சுப் போவும் பிலோமினா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திருதேன். காலத்துக்கும் இருக்கும்."

அவள் இரண்டு பைகளில் போட்டுக் கொடுத்தாள். பஸ் ஏறும்வரை ஒரு பையை அவளே சுமந்துகொண்டு போனாள்.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டுப் புத்தகம் வந்தது. பளபளவென்று அட்டை. உள்ளே முதல் பக்கத்தில், "பாடல்கள், இசை: ச. மதலைமுத்து." பிலோமினா பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்றும் அவளுடையவை. கடைசிப் பக்கத்தில் 'உதவியோர்' என்று ஒரு பட்டியல். பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி வைத்தவர் எல்லோருக்கும் பிறகு, பதினோராவது பெயராக 'பிலோமினாள்' என்று இருந்தது. அதிலும் ஒரு எழுத்து தப்பு.

கோயில் வாசலிலேயே அவரைப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, பேரு மாறி வந்திருக்கு."

"யாரு எழுதினா என்ன பிலோமினா, எல்லாம் ஆண்டவருக்குத்தானே?"

"அப்ப ஆண்டவரு பேரைப் போட்டிருக்கலாமே."

அவர் சிரித்துவிட்டு யாரோ ஒருவரோடு பேசப் போய்விட்டார். அவள் பின்னாலேயே போய்க் கேசட்டைக் கேட்டாள்.

"அதையெல்லாம் பழைய சாமான் எடுக்குத கபாடிக்காரன்ட்டப் போட்டாச்சு. கம்ப்யூட்டர்ல ஏறினப்புறம் அது எதுக்கு? உனக்கு ஒரு சிடி தாரேன்."

சிடியும் தந்தார். பக்கத்து பிளாக்கில் இருந்த ஜலஜாவின் கம்ப்யூட்டரில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். ஜலஜா கும்பகோணத்துக்காரி, ஒரு சர்க்கார் அலுவலகத்தில் புரோகிராம் எழுதும் வேலை. முப்பத்தொரு பாட்டின் பெயரும் திரையில் வரிசையாக வந்தது. ஒன்றை அழுத்தினால், இதைக் கேட்க உங்களுக்கு உரிமம் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் எழுந்து நின்றது. எல்லாவற்றுக்கும் அதே கட்டம்.

"பூட்டிருக்கார். அவர் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் பாடும். ஏத்தறச்சே ஒரு இடத்துல டிக் அடிச்சா இப்படி ஆயிடும். தெரியாமக்கூட அடிச்சிருக்கலாம்" என்றாள் ஜலஜா.

தெரியாமல் அடித்ததல்ல. மறுவாரம் கேட்டபோது அண்ணாச்சி பெருமையாகவே சொன்னார். "நம்ம பாட்டை எவனும் திருடிரக்கூடாதுல்லா? வேணும்னா ஒண்ணு செய். நான் சொல்லுத ப்ளேயரை வாங்கிட்டு வீட்டுக்கு வா. என் கம்ப்யூட்டர்லேர்ந்து அதுல ஏத்தித் தாரேன். கேட்டுக்கோ."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது பிலோமினா அழவில்லை. என் பாட்டைக் கேட்க நான் இவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். நிற்கிறேன் அண்ணாச்சி. நன்றாகவே நிற்கிறேன்.

அவர் சொன்ன ப்ளேயரையே வாங்கினாள். கட்டைவிரல் நீளம், நாலு பாட்டுக்குத்தான் இடம். அதை எடுத்துக்கொண்டு ஜலஜாவிடம் போனாள்.

"இதுல ஏறின பாட்டை வெளிய எடுக்க முடியுமா?"

"ஃபைலா எடுக்க முடியாது. ஆனா பிலோமினா, பூட்டு ஃபைலுக்குத்தான், சத்தத்துக்கு இல்லை. இயர்ஃபோன் ஓட்டையில ஒரு வயரைச் சொருகி மறுமுனையை என் கம்ப்யூட்டர்ல குடுத்தா, அது பாடப் பாட இது பதிஞ்சுக்கும். என்ன, பாட்டு எத்தனை நிமிஷமோ அத்தனை நிமிஷம் உக்காந்திருக்கணும்."

"உக்காருதேன்."

"எதுல பதியலாம்? எம்பித்ரீன்னா எல்லா ப்ளேயர்லயும் பாடும். பூட்டும் இருக்காது. ஆனா அதுக்குக் காப்புரிமைக்காரா இருக்கா. அது அவா சொத்து."

"வேண்டாம்" என்றாள் பிலோமினா உடனே. "இன்னொரு அண்ணாச்சி எனக்கு வேண்டாம். எவனுக்கும் சொந்தமில்லாதது ஏதாச்சும் இருக்கா?"

ஜலஜா உற்சாகமாகிவிட்டாள். ஆபீசில் யாரும் காதுகொடுக்காத பேச்சு அது. ஃப்ளாக் என்று ஒன்று உண்டு, சத்தத்தில் ஒரு துளிகூடக் குறையாது, இடம்தான் நிறைய பிடிக்கும். அது பத்திரமாக வீட்டில் இருக்கட்டும். ஆக் வோர்பிஸ் என்று இன்னொன்று, சின்னது, கையில் கொண்டுபோக. இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதை உலகறிய எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். நாளைக்கு ஒருத்தன் வந்து, இதைத் திறக்க என்னிடம் வா என்று சொல்ல முடியாது.

"அது போதும்" என்றாள் பிலோமினா.

எட்டு ஞாயிறு அவள் ஆர்.கே.புரம் போனாள். ஒவ்வொரு முறையும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணாச்சி, நாலு பாட்டு" என்று ப்ளேயரை நீட்டுவாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வேண்டுமென்றே மெதுவாக எழுந்து வருவார். விருந்தாளி யாராவது இருந்தால், "நம்ம பிலோமினா. பாட்டுன்னா உசுரு. வாராவாரம் வந்திருவா" என்பார். அவர் மகள் ஃபெபி காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். டீ கொண்டுவந்து வைப்பாள். பிலோமினா டீயைக் குடித்துவிட்டு, "நன்றி அண்ணாச்சி" என்று சொல்லிக் கிளம்புவாள். அவர் முகத்தில் தெரியும் திருப்தியை ஒரு முறைகூடப் பார்க்காமல் விட்டதில்லை. அதையும் பதிந்துகொண்டாள்.

அங்கிருந்து நேரே ஜலஜா வீடு. வயரைச் சொருகிவிட்டுக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருவாள். அண்ணாச்சி கெட்டிக்காரர். ஒத்திகைப் பேச்சையெல்லாம் பாட்டின் முன்னாலிருந்து வெட்டியிருந்தார். பிலோமினா பாட்டுச் சொல்லிக்கொடுத்தது, தப்பாகப் பாடினவர்களைத் திருத்தியது, எதுவுமே இல்லை. அவை அவள் பாட்டு என்பதற்கே அடையாளம் இல்லை.

ஆறாவது ஞாயிறு ஒரு தவக்காலப் பாட்டு. பாட்டு முடிந்தும் கம்ப்யூட்டரில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. ஜலஜா நிறுத்தப் போனாள். பிலோமினா கையைப் பிடித்துத் தடுத்தாள். ஒன்றரை நிமிஷம் வெறும் இரைச்சல். பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம். அப்புறம் ஆண் குரல் ஒன்று. தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மதலைமுத்து.

"ஏய், எல்லாரும் கேளுங்க. பிலோமினா எழுதினபடியேதான் பாடணும். ஒரு எழுத்தை மாத்தப்பிடாது. எனக்கெல்லாம் ஆயுசுக்கும் இப்படி ஒரு வரி எழுத வராது, மெட்டும் போட வராது. நான் பெட்டியை அமுக்குதவன், அம்புட்டுத்தான்."

சிரிப்பொலிகள். அதில் தன் சிரிப்பும் இருந்ததை பிலோமினா கேட்டாள்.

ஜலஜா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆரம்பத்தை வெட்டினார். முடிவு வரைக்கும் கேக்கலை."

பிலோமினா மறுபடி போடச் சொன்னாள். அந்தக் குரல் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் அதை மனசாரத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. யார் பாட்டு என்று தெரியாமல் திருடவில்லை, தெரிந்துதான் எடுத்திருக்கிறார்.

எட்டாவது ஞாயிறோடு போவதை நிறுத்திக்கொண்டாள். இனி ஒரு நல்ல ப்ளேயர் வேண்டும். எந்தக் கம்ப்யூட்டரின் தயவும் இல்லாமல், இந்தத் திறந்த ஃபைல்களை அப்படியே பாடுகிற ஒன்று. பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைகள் மொய்க்கும் நேரு பிளேஸ் போனாள். கடைகடையாக ஏறினாள்.

"மேடம், எம்பித்ரீ லே லோ, ஸப் சல்தா ஹை." எம்பித்ரீ வாங்கிக்கொள்ளுங்கள், அதில் எல்லாம் பாடும் என்றான் ஒருவன்.

"பையா, ஸப் நஹீ சாஹியே. யே சலேகா?" எல்லாம் வேண்டாம், இது பாடுமா என்று பென் டிரைவை நீட்டினாள்.

எதிலும் பாடவில்லை. ஒன்று 'தெரியாத ஃபைல்' என்றது. ஒன்று அப்படியே உறைந்துபோனது. இன்னொரு கடைக்காரன், அப்படி ஒரு ஃபார்மட்டே கிடையாது, யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பரிதாபப்பட்டான். நாலாவது தடவை போனபோது, மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த ஒரு சர்தார்ஜி, அலமாரியின் மூலையிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றை எடுத்தார். துணி சோப்புக் கட்டி மாதிரி தடியாக, பார்க்க லட்சணமே இல்லாத கொரிய ப்ளேயர். ஒரு வருஷமாக யாரும் வாங்கவில்லை என்றார். ஃபைலை ஏற்றி இயர்ஃபோனைக் கொடுத்தார். ஜனம் இடித்துக்கொண்டு போகும் அந்த நடைபாதையில் நின்றபடி பிலோமினா தன் பதினான்கு வருஷத்துக்கு முந்தைய குரலைக் கேட்டாள். ஜலஜா ஒவ்வொரு பாட்டிலும் பெயரைச் சேர்த்திருந்தாள். குட்டித் திரையில் இங்கிலீஷ் எழுத்தில் அவள் பெயர் ஓடியது. ஒரு எழுத்தும் தப்பில்லை.

"சலா?" பாடுகிறதா என்றார் சர்தார்ஜி.

"சலா" என்றாள்.

அதன் பிறகு காத்திருந்தாள். இரண்டாயிரத்து ஆறு நவம்பரில் தமிழ்ப் பூசை தொடங்கி இருபத்தைந்து வருஷம். அந்த விழாவில் பழைய பதிவுகளை சிடியாக வெளியிடப்போவதாக அண்ணாச்சி அறிவித்திருந்தார். அன்றைக்கு எல்லோரும் வருவார்கள் என்பது பிலோமினாவுக்குத் தெரியும். கையிலிருந்ததை யாரிடமும் காட்டவில்லை.

ஆகஸ்டில் ஒரு மழைநாள், போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் புகைந்தது. சிடியில் அவர் போட்டுவைத்த பிரதிகள் இருந்தன. புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அவற்றைப் போட்டார். உங்களுக்கு உரிமம் இல்லை என்றது.

அக்டோபரில் அவர் கிட்வாய் நகர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"பிலோமினா, உன் சின்ன ப்ளேயர்ல நாலு பாட்டாவது கிடக்குதா?"

"முப்பத்தொண்ணும் இருக்கு அண்ணாச்சி."

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். எப்படி என்று கேட்கக்கூட இல்லை. "கர்த்தரே" என்றார்.

"சிடி அடிக்க இனி நேரம் பத்தாது. விழா அன்னைக்கு நானே கொண்டாந்து ஒலிபெருக்கியில போடுதேன். எல்லாரும் கேக்கட்டும்" என்றாள் பிலோமினா.

"நீ நல்லா இருப்பே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து பிலோமினாவின் மனம் ஒரு நொடி தடுமாறியது உண்மை. அந்த நேரத்தில் அவர், பெயர் விஷயம் என் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அவர் டீயைக் குடித்துவிட்டு, "கரெக்டா நாலு மணிக்கு வந்திரு, லேட் பண்ணிராதே" என்று சொல்லிப் போனார்.

விழா அன்று கூடத்தில் முந்நூறு பேர். மேடையில் ஆயர், பங்குத்தந்தை, பட்டு வேட்டியில் மதலைமுத்து. பாடலாசிரியர் என்று சொல்லி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிலோமினா ஓரமாக ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் நின்று தன் ப்ளேயரைச் சொருகினாள். ஒன்றே ஒன்றுதான் போட்டாள். அந்தத் தவக்காலப் பாட்டு. முடிந்ததும் ஜனம் கைதட்டியது. அவள் நிறுத்தவில்லை. கைதட்டல் ஓய்ந்தது, இரைச்சல் மட்டும் கேட்டது, எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மதலைமுத்து மேடையிலிருந்து, போதும் என்று கையைக் காட்டினார்.

பிலோமினா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்காலி இழுபட்டது. பிறகு அவர் குரல் கூடம் முழுக்க ஒலித்தது. எனக்கெல்லாம் ஆயுசுக்கும் இப்படி ஒரு வரி எழுத வராது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆயர் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். அவர் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். விழா முடியும்வரை தலையை நிமிர்த்தவில்லை. பிலோமினா ப்ளேயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கு முதல் பந்தியிலேயே உட்கார்ந்தாள். பிரியாணி அவ்வளவு ருசியாக அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

மதலைமுத்து அதன் பிறகு தமிழ்ப் பூசைக்கு வரவில்லை. மறுவருஷம் ரிட்டயராகி ஊருக்குப் போனார். மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பாட்டுப் புத்தகத்தைத் திருத்தி அவள் பெயரோடு மறுபடி அச்சடித்தார்கள். பாட்டுகள் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் போட்டுக் கொடுத்தாள். ஒரு மலையாள சிஸ்டர் தன் அண்ணனுக்கு மஸ்கட்டுக்குக்கூட அனுப்பினாள்.

ஊருக்குப் புறப்படும் முன் ஃபெபி வந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கும் வேணும். ஸப் கே ஸப், எல்லாமே. கடைசில அப்பா பேசறாங்கல்ல, அதையும் வெட்டாம."

பிலோமினா அவளை உட்காரவைத்து முழுவதையும் ஏற்றிக் கொடுத்தாள்.

"அப்பாவுக்கும் போட்டுக் காட்டலாமா?"

"உன்கிட்ட இருக்கு. நீ யாருக்கு வேணும்னாலும் போடு. ஏன்னு நான் கேக்க முடியாது."

கொடுக்காதே என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. தான் தேடிப்போனதே யாரும் பூட்ட முடியாத ஒன்றைத்தானே என்று அடக்கிக்கொண்டாள்.

அந்த ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், செய்ததை எல்லாம் பாதிரியாரிடம் சொன்னாள். எட்டு ஞாயிறு நடித்தது, வேண்டுமென்றே காத்திருந்தது, ரசித்துச் சாப்பிட்டது வரைக்கும்.

"இதுக்காக வருத்தப்படறியாம்மா?" என்றார் பாதிரியார்.

பிலோமினா நேர்மையாக யோசித்துப் பார்த்தாள்.

"இல்ல ஃபாதர்."

"வருத்தம் இல்லாம மன்னிப்பு எப்படிம்மா தர முடியும்? வந்ததும் வா."

சரி என்று எழுந்து வந்தாள். அடுத்த வருஷமும் போனாள். அதற்கடுத்த வருஷமும். மற்ற பாவங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில், "அது இன்னும் வரல ஃபாதர்" என்பாள்.