டிக்கிக்குள் வைத்த பொட்டு

எங்கள் மாவு மில்லுக்கு மிளகாய் அரைக்க வரும் ஓர் அம்மா, பையின் வாயை நீல நூலால் கட்டி, தனக்கு மட்டும் தெரிந்த மாதிரி ஒரு முடிச்சுப் போட்டுத்தான் என்னிடம் விட்டுப் போவார். அன்னூர்க் கடைவீதியில் வேலையை முடித்துத் திரும்பி வந்து, முடிச்சு அப்படியே இருக்கிறதா என்று பார்த்து, அவரே அவிழ்த்துக் கொட்டுவார். அரைத்து முடிக்கும்வரை மிஷினை விட்டு நகர மாட்டார். அவருடைய நல்ல மிளகாயை நான் எடுத்துக்கொண்டு சோடை மிளகாயைப் போட்டுவிடுவேன் என்ற பயம். சாமி படத்துக்கு விளக்கேற்றாமல் நான் ஒரு நாளும் மில்லின் சுவிட்சைத் தொட்டதில்லை. அந்த நீல நூலைக் கண்டாலே எனக்கு மனசு சுருங்கிவிடும். பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அப்படிப்பட்ட நான்தான் கார் வாங்கப் போன இடத்தில் அதே வேலையைச் செய்தேன்.

என் மனைவிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி ஒன்றரை வருடம் ஆயிற்று. பைக்கின் பின்னால் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் படி ஏற முடியாது. வாடகைக் கார் கூப்பிடலாம் என்றால், தெரியாத டிரைவர் முன்னால் ஒவ்வொரு தடவையும் நான் அவளைத் தூக்கி இறக்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. வீடே கதி என்று ஆகிவிட்டாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒன்று வேண்டிக்கொண்டிருந்தாள். அந்தியூருக்கு அந்தப்பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வம் கோயிலுக்கு, யாரும் பிடிக்காமல் தன் காலாலே நடந்து போய், ஆடி மாதத்தில் பொங்கல் வைப்பதாக. ஓர் ஆடி தாண்டிப் போயிற்று. இரண்டாவது ஆடியும் தாண்டினால் அவள் மனசு விட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கார்.

கையில் இருந்த பணத்துக்குச் சின்னக் கார்தான் வரும். பழைய கார் வாங்கலாம் என்று இரண்டு இடத்தில் போய்ப் பார்த்தேன். ஒன்றில் கிலோமீட்டரைக் குறைத்து வைத்திருப்பார்கள் என்று தோன்றியது. இன்னொன்று வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கும் என்று தோன்றியது. சீட்டுக்கு அடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன், சேற்று வாசம் வந்தது போலவும் இருந்தது, வராதது போலவும் இருந்தது. இந்தக் கம்பெனி வண்டியை வாங்கு என்று சொன்ன பக்கத்துக் கடைக்காரருக்கு அங்கே கமிஷன் இருக்கும் என்று நினைத்தேன். வாங்காதே என்று சொன்னவருக்கு வேறு இடத்தில் கமிஷன் இருக்கும் என்று நினைத்தேன். அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்கலாம், சுழியைப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். புதுக் காரில் எதைப் பார்ப்பது? எல்லாமே பளபளவென்று இருக்கிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அந்தப் பளபளப்பே பயம்.

கடைசியில் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஷோரூமுக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வண்டி விற்கும் வேலையில் இருந்தது ஓர் இளம்பெண். தலையில் முக்காடு போட்டிருந்தாள். உக்கடத்திலிருந்து தினமும் வருவதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் நீளமான, அழகான ஒரு காரைக் காட்டிக் கேட்டேன். அவள் கதவைத் திறந்து மனைவியை உட்காரச் சொன்னாள். உட்காருவது சுலபமாகத்தான் இருந்தது. எழும்போதுதான் சீட் பள்ளமாகத் தெரிந்தது. நான் பழக்கத்தில் கையைக் கொடுக்கப் போனேன்.

“அண்ணா, புடிக்காதீங்க. அவிய தானா எந்திரிக்கட்டும். அதைத்தான நாம பாக்கோணும்” என்றாள்.

மனைவி இரண்டு தடவை முயன்று முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு அந்தப் பெண், ஓரமாக நின்றிருந்த, கூரை உயர்ந்த சின்ன வண்டியைக் காட்டினாள். அது பார்ப்பதற்கு எங்கள் ஊர் ரேஷன் கடை பீரோவைப் படுக்க வைத்தது மாதிரி இருந்தது. மனைவி அதில் உட்கார்ந்தாள், காலை வெளியே வைத்தாள், கதவைப் பிடித்தாள், எழுந்து நின்றாள். மறுபடியும் உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள். மூன்றாவது தடவை வேண்டுமென்றே செய்தாள் என்று நினைக்கிறேன்.

அந்த வண்டிதான் விலையும் குறைவு. ஆடித் தள்ளுபடி வேறு. எனக்கு அங்கேதான் சந்தேகம் பிடித்தது. விலை கூடிய வண்டியை விட்டுவிட்டுக் குறைந்த வண்டியை ஒருத்தர் ஏன் விற்கப் பார்க்கிறார்? ஆடியில் நம் பக்கம் யாரும் புதுப்பொருள் எடுக்க மாட்டார்கள். அதனால்தான் தள்ளுபடி என்பது தெரிந்த சங்கதி. ஆனால் யாரும் எடுக்காமல் வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டியைத் தலையில் கட்டினால்? ஆடியிலும் ஆடிப்பெருக்கு நல்ல நாள் என்பதால் அன்றைக்கு எடுப்பதாகப் பேசினோம். தள்ளுபடி அந்த நாளோடு முடிகிறது என்று அந்தப் பெண் சொன்னாள். அதுவும் எனக்கு இடித்தது. நாளைக் குறித்து நெருக்கினால் யோசிக்க நேரம் இருக்காது அல்லவா.

எங்களுக்கு ஒதுக்கிய வண்டியை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றேன். மறுநாள் வண்டிகளை நிறுத்தி வைக்கும் மைதானத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். ஒரே மாதிரி வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. எங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு கீறல் இல்லை. சேசிஸ் நம்பரை போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எடுத்துக்கொண்டேன். ஆனால் நம்பர் அவர்கள் அடிப்பது, காகிதம் அவர்கள் எழுதுவது. ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் இந்த நல்ல வண்டியை வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டு, வேறொன்றை எனக்குக் கொடுத்தால் நான் என்ன கண்டேன்?

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருந்து குங்குமத்தை எடுத்து, விளக்கெண்ணெயில் குழைத்து, ஒரு துளி பச்சைக் கற்பூரமும் சேர்த்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். போன் வந்ததும் அந்தப் பெண் அந்தப்பக்கம் திரும்பினாள். நான் டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் தகரத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தேன். யாராவது கேட்டால் சாமி பொட்டு என்று சொல்லிவிடலாம். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். தாயே, நீயே காவல் இரு என்று கும்பிட்டும் கொண்டேன். ஆனால் அது கும்பிடு அல்ல, அந்த அம்மாவின் நீல நூல்தான் என்று உள்ளுக்குள் தெரியாமலும் இல்லை.

ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள். காலையில் தருவதாகச் சொன்ன வண்டியை மதியத்துக்கு மேல்தான் தர முடியும், ஒரு சின்ன செக்கிங் இருக்கிறது என்றாள். என்ன செக்கிங் என்று கேட்டேன். சும்மா ஒரு வாட்டி பார்த்துத் தருகிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்றாள்.  வண்டியை மாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் பொங்கல் வைக்கப் புதுப்பானையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஷோரூம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் மாலை, பூசணிக்காய். அந்தப் பெண்தான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாலு எலுமிச்சம்பழமும் சூடமும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டிமேல் மூடியிருந்த பட்டுத் துணியை விலக்கச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டாள். நான் நேரே பின்னால் போய் டிக்கியைத் திறந்தேன். விரிப்பைத் தூக்கினேன். தகரம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. பொட்டு இல்லை.

சத்தம் போடவில்லை. எங்கள் பக்கத்தில் சண்டையைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் பிடிப்போம்.

“ஏனுங்க அம்மணி, இது நாங்க பாத்த வண்டி இல்லீங்க. சாவிய நான் வாங்க மாட்டனுங்க.”

அவள் சேசிஸ் நம்பரைக் காட்டினாள். என் போனில் இருந்த படத்தோடு ஒத்துப்போயிற்று. நம்பரை மாற்றி அடிக்க எத்தனை நேரமாகும் என்று கேட்டேன். அதைக் கேட்டதும் அவள் முகம் வாடிவிட்டது. நான் மிளகாய் அம்மாவுக்கு முன்னால் நிற்கும்போது என் முகம் எப்படி இருக்குமோ, அப்படி.

“வேற வண்டின்னு எதை வெச்சுங்ணா சொல்றீங்க?”

சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாவிட்டால் வண்டி இல்லை. இன்றோடு தள்ளுபடி போய்விடும். இந்த ஆடியும் போய்விடும். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டு வைத்ததைச் சொன்னேன்.

அந்தப் பெண் உள்ளே போய் ஒரு காகிதச் சீட்டை எடுத்துக்கொண்டு, வண்டி கழுவும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் ஈரக் கையோடு வந்து நின்றார். டிக்கியில் என்ன இருந்தது என்று அவள் கேட்க, அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

“செவப்பா எண்ணையாட்டம் இருந்துச்சுங்க. எங்கியோ லீக்காவுதாட்டம் இருக்குதுன்னு மெக்கானிக்குகிட்டச் சொல்லிப்போட்டேன். ஒரு நாளு பூரா வண்டிய மேல தூக்கி வெச்சுத் தேடுனாங்க. ஒண்ணுமே இல்லீங்க. அப்பறந்தான் தொடைச்சேன்.”

அதுதான் அந்த செக்கிங். சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை அவள் படித்துக் காட்டினாள். சீட்டை இப்போதுகூட எழுதியிருக்கலாம் என்று அந்த நிமிஷமும் என் மனசு ஓடியது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. துடைத்த துணி இருக்கிறதா என்று கேட்டேன். பெரியவர் சலித்துக்கொண்டே போய், வாளி ஓரத்தில் கிடந்த துணியை எடுத்து வந்தார். ஒரு மூலை சிவந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசத்துக்கு நடுவே எங்கள் பூஜை அறை வாசம் வந்தது. அந்தக் கூட்டத்தில், அழுக்குத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்க முடியாமல் நின்றேன்.

மனைவி நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள், “நூலுக் கட்டுன அம்மாகிட்ட எத்தன மாசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தீங்க. அவியளாச்சும் பையி மேலதானுங்க கட்டுனாங்க.”

நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியவரிடமும் கேட்டேன். அவர் ஒரு நாள் வேலை கெட்டதைச் சொல்லி முனகிவிட்டுப் போனார். அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்து நீட்டினாள்.

“பொட்டு வெக்கோணும்னா எல்லாரும் பாக்கறாப்பல முன்னாடி வெய்ங்ணா. அப்பத்தான் எங்காளுங்க தொடைக்க மாட்டாங்க.”

பானட்டில் வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். மனைவி கதவைத் தானே திறந்து, தானே ஏறி உட்கார்ந்து, பானையை மடியில் வைத்துக்கொண்டாள். மில்லுக்கு லோடு ஆட்டோ ஓட்டிய கைதான் என்றாலும், சத்தி ரோட்டுக்கு வரும்வரை நான் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை.

அடுத்த வாரமே கோயிலுக்குப் போனோம். பொங்கல் வைக்கும் நாளில் நல்ல கூட்டம். வேப்ப மரத்தடியில் நிறுத்தியதும், மனைவி கையைக் காட்டி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். காலை வெளியே வைத்தாள். கதவைப் பிடித்து எழுந்தாள். பானையை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டு, மெதுவாக, நின்று நின்று, சன்னிதிவரை நடந்தாள். நான் இரண்டடி பின்னால் பானையோடு நடந்தேன். கண்ணீர் மறைத்ததால் இரண்டு தடவை தடுக்கினேன், அவளுக்கு ஒரு தடவைகூடக் கால் தடுக்கவில்லை.

தாயே, உன் குங்குமத்தை வைத்து ஊரை வேவு பார்த்தேன், பொறுத்துக்கொள் என்று கேட்டுக்கொண்டேன். அம்மன் பாதத்தில் வைத்துத் தர, பூசாரி கார் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். அவர் சாவியோடு கருவறை இருட்டுக்குள் போனார். என்னை அறியாமல் எக்கி, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பக்கத்தில் மனைவி முழங்கையால் என்னை இடித்தாள்.

“சாமிகிட்டத்தானுங்க போயிருக்குது” என்றாள்.