சூரியன் தள்ளி நட்ட கல்

எனக்கு ஆகாதவர்களில் சூரியனும் ஒருத்தர். வெயிலுக்காக இல்லை. செலியமேட்டில் என் கைக்கு வந்த போர்க்கிணற்றை மறுநாளே பிடுங்கிக்கொண்டாரே, அதற்காக.

என் கணவரும் அவர் அண்ணனும் நிலத்தைப் பாகம் பிரித்தபோது, போர் யார் பக்கம் விழுகிறதோ அவர்களுக்கு, மற்றவர் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. புதுப் போர் போட எங்களுக்கு வக்கில்லை; நாற்றங்காலோ காய ஆரம்பித்திருந்தது. எங்கிருந்து அளப்பது என்று காட்டும் பழைய எல்லைக்கல்லைக் கரும்பு டிராக்டர் ஏறி நொறுக்கியிருந்ததால், சாட்டிலைட்டை வைத்து இடம் சொல்லும் கருவியோடு ஒரு சர்வேயரை வரவழைத்தோம்.

அன்றைக்கென்று கருவி நிலைகொள்ளவில்லை. புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார் சர்வேயர். எங்கள் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதற்குள் நடாவிட்டால் குடும்பம் விளங்குமா என்று அவசரப்படுத்தினார். கருவி அப்போது காட்டிய இடத்தில் கல்லை நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தாயிற்று. கற்பூரம் காட்டியது நான். போர் என் பக்கம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூத்தாரின் மனைவியான அக்கா முகம் சுண்டிப்போய் நின்றார்.

மறுநாள் காலை சர்வேயர் தானாகவே வந்து தலையைச் சொறிந்தார். சூரியனிலிருந்து எந்நேரமும் மின்துகள்கள் காற்றாக வீசுமாம். சில சமயம் பொங்கிப் புயலாகவே வருமாம். பூமியின் காந்தம் வேலி போலத் தடுத்தாலும், அந்த வேலியே ஆட்டம் கண்டு, வானத்தின் மேலடுக்கு கலங்கிவிடுமாம். சாட்டிலைட் சிக்னல் அதற்குள் நுழைந்து வரும்போது தாமதமாகி, கருவி இடத்தைத் தப்பாகச் சொல்லும். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு நாம் பக்கத்தில் இருப்பதால், அந்த மேலடுக்குக்கு நம் தலைக்கு மேல் சேட்டை அதிகமாம். எல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் தேவலை. திரும்ப அளந்தார், போர் அக்கா பக்கம் போய்விட்டது.

சூரியப் புயல் அவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பி வந்து என் போரில்தான் கைவைக்க வேண்டுமா? வயிறு எரிந்தது.

சரியான இடத்தில் வேறு கல் நட்டபின், பழையதைப் பிடுங்க மூத்தார் கடப்பாரையோடு வந்தார். அக்கா குறுக்கே நின்றுவிட்டார். கற்பூரம் காட்டிய கல்லைத் தொடக்கூடாது என்று ஒரே பிடி. அது தப்பான இடம் என்று சர்வேயர் சொல்லிப் பார்த்தார். சாமிக்கு ஏது தப்பான இடம் என்று கேட்டு அக்கா அவர் வாயை அடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சாமி நிக்கிறது என் நெலத்துல. ஆனா கற்பூரம் காட்னது நீ. தெனம் நீதான் வந்து தண்ணி ஊத்தணும்.”

“தண்ணிக்கு இன்னாக்கா பண்றது?”

“மோட்டார போட்டுக்கோ. சாமிக்குப் போக மீதிய உன் வயலுக்குத் திருப்பிக்கோடி.”

மூத்தார் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சாமிக்கு ஒரு சொம்பு போதும். மீதியில் நாற்று தேறி, நடவும் முடிந்தது. மாரியம்மன் திருவிழாவுக்கே கூழ் குடிக்க மட்டும் வருகிற அக்காவுக்குத் திடீரென்று அத்தனை பக்தி எங்கிருந்து வந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் மோட்டாரை நிறுத்திவிடுவார்.